மாதர் ஞாயிறன்று ரிஸ்பாளைப் பற்றிப் பேசலாமா?

தோட்டத்துச் சகோதரி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ச் சபையில் வரவிருக்கும் மாதர் ஞாயிறன்று தேவசெய்தி கொடுக்கும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. வழக்கமாக எஸ்தர், ரூத், அன்னாள், தெபொராள் ஆகியோரில் ஒருவரைப் பற்றித்தான் அன்று பேசுவார்கள். நான் 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் வரும் ரிஸ்பாளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பலருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. தெரிந்த சிலரோ, தூக்குமரமும் பிணங்களுமாக இருக்கிற பகுதியை அன்றைக்கு வாசிப்பதா என்று தயங்கினார்கள். இங்குள்ள மூத்தவர்களின் கருத்தை அறிந்த பிறகு முடிவு செய்யலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காக நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். தாவீதின் நாட்களில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பஞ்சம் உண்டாகிறது. தாவீதுக்கு முன்பு ராஜாவாயிருந்த சவுல், இஸ்ரவேலரோடு உடன்படிக்கை பெற்று வாழ்ந்த அந்நிய ஜனமான கிபியோனியரைக் கொன்றதால் வந்த இரத்தப்பழியே அதற்குக் காரணம் என்று கர்த்தர் தாவீதுக்கு அறிவிக்கிறார். கிபியோனியர் பொன்னும் வெள்ளியும் வேண்டாம் என்று மறுத்து, சவுலின் வம்சத்தாரில் ஏழு ஆண்களைக் கேட்கிறார்கள். சவுலின் மகன் யோனத்தானுக்குச் செய்துகொடுத்த ஆணையின் நிமித்தம் அவன் மகனை ராஜா தப்பவிடுகிறான். சவுலின் மறுமனையாட்டியான (முழு மனைவியின் தகுதி இல்லாத துணைவியான) ரிஸ்பாளின் மகன்கள் அர்மோனி, மேவிபோசேத் இருவரும், சவுலுடைய மகளின் பிள்ளைகள் ஐவரும் ஒப்புக்கொடுக்கப்படுகிறார்கள். யோனத்தானின் மகனுக்கும் ரிஸ்பாளின் மகனுக்கும் ஒரே பெயர். ஒரு மேவிபோசேத் ராஜாவின் பந்தியில் இருக்கிறான், மற்றவன் மலையின்மேல் தூக்கப்படுகிறான். அது வாற்கோதுமை அறுப்புத் தொடங்குகிற காலம்.

அதன்பின் ரிஸ்பாள் துக்கத்துக்குரிய முரட்டுத் துணியான இரட்டுத் துணியை எடுத்துப் பாறையின்மேல் விரித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறாள். அறுப்புத் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பெய்யும் மட்டும், பகலில் ஆகாயத்துப் பறவைகளோ இரவில் காட்டு மிருகங்களோ அந்த உடல்களைத் தொட அவள் விடவில்லை. ஏழு உடல்கள், ஒரே ஒரு பெண், இரவிலும் காவல். அந்த ஏழில் ஐந்து அவள் பெற்ற பிள்ளைகள் அல்ல என்பதையும் கவனியுங்கள். அந்த ஐவரின் தாய் அங்கு வந்ததாக வேதம் சொல்லவில்லை. ரிஸ்பாள் எழுவரையும் காத்தாள் என்று மட்டுமே சொல்லுகிறது. பஞ்ச காலத்தில் அவளுக்கு யார் தண்ணீர் கொண்டுவந்தார்கள், எப்போது கண்ணயர்ந்தாள் என்றெல்லாம் நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்படுகிறது. ராஜா எழுந்துபோய், யாபேசின் மனிதர் முன்பு பெத்சானிலிருந்து மீட்டு வைத்திருந்த சவுல், யோனத்தான் இருவரின் எலும்புகளையும் வாங்கிவருகிறான். தூக்கப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. பென்யமீன் தேசத்துச் சேலாவில், சவுலின் தகப்பனாகிய கீசின் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. அதற்குப் பின்புதான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைக் கேட்டருளினார் என்று 14ஆம் வசனம் முடிகிறது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். ஏழு பேரைத் தூக்கிய நாளில் கணக்குத் தீர்ந்தது என்று அரண்மனையும் தேசமும் நினைத்திருக்கலாம். தீரவில்லை என்று சொன்னவள் ரிஸ்பாள் ஒருத்திதான்; அதையும் வாயால் சொல்லாமல், இடத்தைவிட்டு நகராமல் சொன்னாள். விழுந்துபோன அரச குடும்பத்து விதவைக்கு, அதிலும் மறுமனையாட்டிக்கு, புதிய ராஜாவின் ஆட்சியில் யார் துணை? அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தப் பாறையும் அந்தத் துணியும் மட்டுமே.


பழைய கிராணி எழுதியது:

சகோதரி, தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகியவன் என்பதால் சில கேள்விகளை வரிசையாக வைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

ரிஸ்பாளின் தைரியத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மாதர் ஞாயிறின் தலைப்பு தைரியமும் விசுவாசமும் என்று அறிகிறேன். விசுவாசம் எங்கே? அவள் ஜெபித்ததாக ஒரு சொல் இல்லை. கர்த்தரின் நாமத்தை அவள் உச்சரித்ததாகவும் இல்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் ராகாபின் பெயர் இருக்கிறது, சாராளின் பெயர் இருக்கிறது. ரிஸ்பாளின் பெயர் இல்லை. பெற்ற வயிறு பதறுவது இயற்கை. இயற்கையான பாசத்தை விசுவாசம் என்று சொல்லிவிட்டால், விசுவாசத்துக்கு என்ன தனிச்சிறப்பு மிஞ்சும்? எஸ்தரோ மூன்று நாள் உபவாசம் இருந்து, தன் ஜனத்தையும் உபவாசிக்கச் சொல்லி, "நான் செத்தாலும் சாகிறேன்" என்று ராஜாவின் சமுகத்துக்குப் போனாள். மாதர் சங்கத்துக்கு அதைவிடத் தெளிவான செய்தி தேவையா?

காலக்கணக்கு பற்றியும் ஒரு சொல். கானான் தேசத்தில் வாற்கோதுமை அறுப்பு ஏப்ரல் வாக்கில் தொடங்கும். மழைக்காலத்தின் முதல் மழையான முன்மாரி பெய்வது அக்டோபர் வாக்கில். அப்படியானால் ஏறக்குறைய ஆறு மாதங்கள். பஞ்சம் நீங்கியதன் அடையாளமாகப் பருவம் தவறிய மழை முன்னதாகவே பெய்திருக்கலாம் என்று சொல்லும் விளக்கவுரையாளர்களும் உண்டு. ஆகவே "ஆறு மாதம்" என்று மேடையில் உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம். "மழை பெய்யும் மட்டும்" என்று வேதம் சொல்லுகிறபடியே சொல்லுவது நல்லது.


வேத வாசகர் எழுதியது:

கிராணி ஐயா சொன்ன காலக்கணக்கை அப்படியே ஏற்கிறேன். ஆனால் எஸ்தரை எடுத்துக்காட்டியது அவருடைய வாதத்துக்கே எதிராகத் திரும்புகிறது. எபிரெய மூலத்தின்படி எஸ்தரின் புத்தகம் முழுவதிலும் தேவனுடைய நாமம் ஓரிடத்தில்கூட வரவில்லை. அவள் உபவாசித்தாள் என்றிருக்கிறதே தவிர, ஜெபித்தாள் என்று எழுதப்படவில்லை. இருந்தும் அவளுடைய விசுவாசத்தை நாம் சந்தேகிப்பதில்லை, ஏனெனில் அவள் செய்த காரியம் அதைக் காட்டுகிறது. ரிஸ்பாளுக்கும் அதே நியாயத்தைத்தான் நான் கேட்கிறேன்.

அவள் செய்தது பாசம் மட்டுமல்ல என்பதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தூக்கப்பட்டவனுடைய பிரேதம் இரவிலே மரத்தில் இருக்கலாகாது, அந்நாளிலேயே அடக்கம்பண்ண வேண்டும் என்று உபாகமம் 21:22-23 கட்டளையிடுகிறது. யோசுவா அதைச் சத்துருக்களுக்கும் கடைப்பிடித்தான். ஆயியின் ராஜாவைச் சூரியன் அஸ்தமிக்கும்போது மரத்திலிருந்து இறக்கச் சொன்னான். தூக்கப்பட்ட ஐந்து ராஜாக்களின் உடல்களையும் அப்படியே இறக்கச் செய்தான். பகை ராஜாக்களுக்குக் கிடைத்த அடக்கம் சவுலின் மகன்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. மழை பெய்து பாவநிவாரணம் உறுதிப்படும் மட்டும் உடல்கள் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது என்று சிலர் விளக்குகிறார்கள். அது சரியாகவே இருந்தாலும், அந்த உடல்களைச் சீரழிய விடக்கூடாது என்று எண்ணி நடந்தவர் அந்தத் தேசத்தில் அவள் ஒருத்திதான். ராஜாவும் ஆசாரியரும் விட்டுவிட்ட கடமையை ஒரு மறுமனையாட்டி எடுத்துச் செய்தாள். தேவன் நியாயமானதை விரும்புகிறார் என்று நம்பாதவள் அத்தனை நாள் காத்திருப்பாளா?

14ஆம் வசனத்தின் வரிசையைச் சகோதரி சரியாகப் பிடித்திருக்கிறார். தூக்கியபின் தேவன் கேட்டார் என்றில்லை. அடக்கம் செய்தபின் கேட்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. பிரசங்கத்தின் எடை முழுவதையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.


பால்வெட்டுக்காரன் மகன் எழுதியது:

கிபியோனியரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. யோசுவா 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அவர்கள் தந்திரமாக உடன்படிக்கை வாங்கியது உண்மைதான். ஆனாலும் அவர்களை உயிரோடே காப்போம் என்று இஸ்ரவேலின் பிரபுக்கள் கர்த்தர்மேல் ஆணையிட்டார்கள். அதன் பிறகு அவர்களுக்குக் கிடைத்த வேலை விறகு வெட்டுவதும் தண்ணீர் சுமப்பதும். தலைமுறை தலைமுறையாகக் கூலிவேலை செய்துகொண்டு, கொடுத்த வாக்கை நம்பி வாழ்ந்த அந்நிய ஜனத்தைத்தான் சவுல் வெட்டிச் சாய்த்தான். தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புரியாமல் போகுமா? லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டு, நிலம் கைமாறியவுடன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் பெற்ற குடும்பங்கள் இந்தச் சபையிலேயே எத்தனை இருக்கின்றன! கூலிக்காரனுக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டதற்காகத் தேவன் ஒரு தேசத்தின் மழையையே நிறுத்திவைத்தார் என்பதை நான் சிறுவயதில் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எனவே ரிஸ்பாளை உயர்த்துவதற்காகக் கிபியோனியரைக் கொடியவர்களாகக் காட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பட்ட அநியாயம் உண்மை. அவள் பட்டதும் உண்மை. பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்பட வேண்டாம் என்று உபாகமம் 24:16 சொல்லியிருக்க, தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகள் மாண்டார்கள். இந்த முடிச்சை நம்மால் முழுதாக அவிழ்க்க முடியாது; அவிழ்த்துவிட்டதுபோலப் பேசுவதும் முறையல்ல. இருதரப்பு வேதனைக்கும் நடுவில், பழிவாங்கக் கேட்காமல், செத்தவர்களைச் செத்தவர்களாக மதிக்க மட்டும் கேட்டவள் அவள்.


புதுத் தாமான் எழுதியது:

மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் சபைகளில் பெண்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடமும் கடைசிப் பாடமும் பொறுமைதான். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம் "அம்மா, நீ ஜெபித்துக்கொண்டு பொறுத்திரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சம்சு குடித்து அழிந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்; அந்த வீடுகளில் பெண்கள் பொறுமையில் குறைந்துபோனதாலா துன்பப்பட்டார்கள்? இப்போது ரிஸ்பாளைக் கொண்டுவந்து, "ஒரு வார்த்தை பேசாமல் மாதக்கணக்கில் பாறையில் இருந்தாள், பாருங்கள்" என்று பிரசங்கித்தால், அதே பழைய பாடத்துக்கு இன்னொரு வேதப் பெயர் கிடைத்துவிடாதா? எஸ்தர் பேசினாள். அபிகாயில் தாவீதின் படைக்கு எதிரே போய் நின்று பேசினாள். பேசுகிற பெண்ணைப் பற்றிக் கேட்கத்தான் எங்கள் வயதுப் பெண்களுக்கு ஆசை.


தோட்டத்துச் சகோதரி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொன்ன அச்சம் நியாயமானது. அடிபடுகிற பெண்ணுக்கு ரிஸ்பாளை உதாரணம் காட்டுவது பெரிய பாவம் என்றே நான் சொல்லுவேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பாதுகாப்பான வீடும், போலீஸ் நிலையம் வரைக்கும் கூடவே வருகிற சபை அக்காமார் இருவரும்தான். இதைப் பிரசங்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

ஆனால் ரிஸ்பாள் பொறுத்துக்கொண்டவள் அல்ல. பொறுத்துக்கொண்டவளாக இருந்தால் வீட்டுக்குள் அழுதிருப்பாள். அரசன் கொன்றதை அரசனின் காரியம் என்று விட்டிருப்பாள். அவள் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். கிபியா சவுலின் சொந்த ஊர். ஒரு காலத்தில் அவன் அரசாண்ட ஊர். அங்கே, மலையின்மேல், அறுப்புக்குப் போகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி அவள் இருந்தாள். சவுலின் வீட்டாருக்காகத் துக்கம் காப்பதே அன்றைக்குச் சந்தேகத்துக்கு இடமான காரியம். முன்பு சவுலின் படைத்தலைவன் அப்னேர் அவளோடு சேர்ந்தான் என்று, சவுலுக்குப் பின் ராஜாவான அவன் மகன் இஸ்போசேத் குற்றம் சாட்டியபோது, அந்த ஒரு பேச்சினால் ஓர் அரசே கவிழ்ந்தது என்பதை 2 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போது ஆண்கள் தங்கள் சண்டைக்கு அவள் பெயரைப் பயன்படுத்தினார்கள். அவளைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. 21ஆம் அதிகாரத்தில்தான் முதல்முறையாக அவள் தானே ஒன்றைச் செய்கிறாள், அதற்கு ராஜாவே எழுந்து வரவேண்டியதாயிற்று. இதைப் பொறுமை என்று எப்படிச் சொல்லுவது? எனக்குத் தெரிந்து இதுதான் மறியல்.

எஸ்தருக்குக் கிரீடம் இருந்தது, அபிகாயிலுக்குக் கழுதைகள்மேல் ஏற்றி அனுப்ப அப்பமும் திராட்சரசமும் இருந்தன. பேசினால் கேட்கப்படுகிற நிலையில் அவர்கள் இருந்தார்கள். பேசினாலும் கேட்க ஆளில்லாத பெண் என்ன செய்வாள் என்பதுதான் என் கேள்வி. நம் சங்கத்து மூத்த அம்மாமார்களில் பெரும்பாலோர் அந்த நிலையில்தான் வாழ்நாளைக் கழித்தார்கள்.


லயத்துப் பேரன் எழுதியது:

இந்த இழையைப் படித்ததிலிருந்து என் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) நினைவாகவே இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பொருளைவிட்டு விலகுவதாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

ஜப்பான்காரன் காலத்தில் என் தாத்தாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோனார்கள். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதாக அப்பாயி சொல்லுவார். 1942க்கும் 1943க்கும் இடையில், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் மாண்டவர்களை எங்கே புதைத்தார்கள், எங்கே எரித்தார்கள் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்துப் பராமரிக்கப்படுகின்றன. நான் போய்ப் பார்த்தேன். அவர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் என் தாத்தாவின் பெயரைத் தேடுவதற்கு அங்கே ஒரு வரிசையும் இல்லை.

1945க்குப் பிறகு யாராவது சயாமிலிருந்து உயிரோடு திரும்பினார் என்று கேள்விப்பட்டால், அது எத்தனை மைல் தள்ளியிருக்கும் தோட்டமானாலும் அப்பாயி போய்விடுவார். ரப்பர் பால் வெட்டி, பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு புறப்படுவாராம். கேட்பது ஒன்றுதான்: எந்தக் காம்பில் கடைசியாகப் பார்த்தீர்கள், பக்கத்தில் ஆறு இருந்ததா, மலை இருந்ததா? ஆள் திரும்பமாட்டார் என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இடம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் போனார். "வேறு கல்யாணம் பண்ணிக்கொள், கங்காணியே பேசி முடிக்கிறார்" என்று சொன்னவர்களுக்கெல்லாம் அவர் கொடுத்த பதில், "முதலில் அவரை எங்கே போட்டார்கள் என்று சொல்லுங்கள்" என்பதே. ரிஸ்பாளுக்குக் காவல் இருக்க உடல்களாவது இருந்தன.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரிஸ்பாளின் பெயரையும் அவர் கேட்டிருக்கமாட்டார். விசுவாசம் எங்கே என்று கிராணி ஐயா கேட்டார். என் பதில் இதுதான் ஐயா: செத்தவனைத் தேவன் மறந்துவிட்டார் என்று நம்புகிறவள் அந்த விசாரணையை இரண்டாம் தோட்டத்தோடு நிறுத்தியிருப்பாள்.


பழைய கிராணி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாயியைப் பற்றி வாசித்துவிட்டு வெகுநேரம் எதையும் எழுத இயலவில்லை. எங்கள் தோட்டத்துப் பழைய பெயர்ப்பதிவேட்டில் அந்த ஆண்டுகளுக்குரிய பக்கங்களில் பல பெயர்களுக்கு நேரே கோடு மட்டுமே கிழித்திருக்கும், காரணம் எழுதியிராது. அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் ரிஸ்பாளின் பெயர் இல்லை என்பதில் மாற்றமில்லை. ஆயினும் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், வனாந்தரங்களிலும் மலைகளிலும் குகைகளிலும் அலைந்தவர்கள் என்று பெயர் சொல்லாமலே ஒரு கூட்டம் வருகிறது. அந்தப் பகுதியையும் அன்றைய வாசிப்பில் சேர்த்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். ஒரே நிபந்தனை: அவள் ஜெபித்தாள், அழுதாள், இன்னது சொன்னாள் என்று வேதத்தில் இல்லாததைச் சேர்த்துப் பேசிவிடாதீர்கள். அவளுடைய மௌனத்தை நாம் நிரப்ப வேண்டியதில்லை.


புதுத் தாமான் எழுதியது:

மறியல் என்று அக்கா சொன்ன பிறகு என் எண்ணம் மாறத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் அடிபடும் பெண்களைப் பற்றிய அந்தப் பகுதியைப் பிரசங்கத்தின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். கடைசியில் சொன்னால், அதற்குள் பலர் வேண்டிய பாடத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வேத பாடத்தை வாசிக்க இளம் பெண் ஒருவர் வேண்டுமானால் நான் வருகிறேன்.


தோட்டத்துச் சகோதரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாதர் சங்கத் தலைவியிடமும் போதகர் ஐயாவிடமும் இந்த இழையைக் காட்டினேன், இருவரும் சம்மதித்துவிட்டார்கள். 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து 14 வரை, எதையும் விடாமல் வாசிக்கப்போகிறோம். கிபியோனியர் பகுதியும் அதில் அடக்கம். வாசிப்பவர் நம் தங்கச்சிதான். கிராணி ஐயா சொன்னபடி எபிரெயர் 11:32 முதல் 40 வரை இரண்டாவது வாசிப்பு. உபாகமத்தின் கட்டளையைப் பற்றி வேத வாசகர் எழுதியதை, அவர் அனுமதித்தால், பிரசங்கத்தில் பயன்படுத்திக்கொள்வேன்.

போதகர் ஐயா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிக்க வேண்டும் என்றார். கிறிஸ்தவர், இந்து என்று பிரிக்க வேண்டாம், நம் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் எல்லாரையும் சேர்க்கலாம் என்பது அவருடைய விருப்பம். ஆகவே, தங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர் இருந்தால், அவருடைய பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் தெளிவாக எழுதி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சபை அலுவலகத்தில் கொடுக்கவும். தகப்பன் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் கூப்பிட்ட பெயர் மட்டும் தெரிந்திருந்தால் அதையே எழுதுங்கள். பாட்டிமார் யாருக்காவது எழுத உதவி வேண்டுமானால், நானும் தங்கச்சியும் மாலையில் வீட்டுக்கே வருகிறோம்.